பதினொரு தரம் நின்ற மோட்டார் சைக்கிள்

"உதையுங்கோ! யோசிக்காதேங்கோ, உதையுங்கோ!"

மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தியிருந்து ஜெனிதா கத்தினாள். ஒரு கையில் மீற்றர், மற்றக் கையில் அதன் சிவப்பு வயர். நெற்றியில் கிறீஸ்.

சுகிர்தன் கிக்கரை உதைத்தான். ஒரே உதை. எஞ்சின் பிடித்துக்கொண்டது. டப டப டப என்று, ஒரு இருமல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. இருபத்தெட்டு வயதான வண்டி நேற்றுக் கடையில் இறக்கியதுபோல ஓடியது.

"நாசமாப் போச்சு!" என்றாள் ஜெனிதா.

வேறு எந்த மெக்கானிக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டால் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பான். ஜெனிதாவோ மறுபடியும் வயர்க் கட்டுக்குள் கையை விட்டாள். அவளுக்கு வேண்டியது ஓடுகிற மோட்டார் சைக்கிள் அல்ல, நிற்கிற மோட்டார் சைக்கிள். அதுவும் தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடிப்பதற்கு முன்னால், அவளுடைய தகப்பனின் கண் முன்னால், தானாக நிற்க வேண்டும்.

அந்தத் தகப்பன் ஹெக்டர், வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, நீதவான் மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கிரேன்களுக்கும் இழுவைப் படகுகளுக்கும் மின்சாரம் பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன்.

"பதினொண்டு இருபது," என்றார் கைக்கடிகாரத்தைப் பார்த்து. "தம்பி, உம்மட சாமான் நல்லா ஓடுது. வாழ்த்துகள்."

சுகிர்தனின் முகம் வாடியது.

விஷயம் இதுதான். உட்துறைமுக வீதியிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் ஒழுங்கை ஒன்றின் வாயில் இருக்கிறது ஹெக்டரின் வீடு. முன்வளவில் தகரக் கொட்டில் போட்டு, ஓட்டோக்களுக்கும் போட் எஞ்சின்களுக்கும் வயரிங் செய்கிறாள் ஜெனிதா. சுகிர்தனுக்கு மிருக வைத்தியக் கந்தோரில் வேலை. தம்பலகாமத்துப் பெடியன், ரவுணில் அக்கா வீட்டில் தங்கியிருக்கிறான். ஒழுங்கையின் அந்தலையில், கடைசித் தகரவேலிக்குப் பின்னால் இருக்கும் றுக்கியா மாமியின் வீட்டு ஆட்டுக்குக் காலில் புண். கந்தோர் முடிந்து பின்னேரம் அதற்கு மருந்து கட்டவென்று வருவான்.

அதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் கடந்த மூன்று கிழமையாக, ஒழுங்கைக்குள் அவன் திரும்பும்போதெல்லாம் மோட்டார் சைக்கிள் செத்துவிடுகிறது. ரவுண் முழுக்க ஓடும். கண்டி வீதியில் தம்பலகாமம் வரை ஓடும். வேறு எங்கேயும் நிற்காது. சரியாக ஜெனிதாவின் வீட்டு வாசல் படலைக்கு முன்னால் நிற்கும்.

ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் இல்லை. பதினொரு தரம்.

ஒவ்வொரு தரமும் அவன் இறங்கி, சைட் ஸ்ராண்டில் சரித்து நிறுத்தி, உதைத்து உதைத்துக் களைப்பான். சத்தம் கேட்டு ஜெனிதா வெளியே வருவாள். "ஆட்டுக்கு எப்பிடி?" என்று கேட்பாள். "இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்," என்பான் அவன். அவள் உள்ளே போய் மீற்றரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவன் ஏறி இருந்து இன்னொரு உதை விட, சனியன் பிடித்த வண்டி ஸ்ராட் ஆகிவிடும்.

பிளக் மாற்றினாள். பியூஸ் மாற்றினாள். பற்றரித் தண்ணி பார்த்தாள். பன்னிரண்டாவது பின்னேரம் வருவதற்குள் ஹெக்டர் எழும்பிவிட்டார்.

"மோட்டார் சைக்கிளுக்குக் கண் இருக்கோ தம்பி?" என்று நேற்று வீதியில் வைத்தே கேட்டார். "இந்தப் பெரிய திருகோணமலையில அதுக்குச் சாக வேற இடம் கிடைக்கேல்லையோ? என்ர மகள் நிக்கிற படலைதான் கிடைச்சுதோ? நீர் சாவியைத் திருப்பி நிப்பாட்டிப்போட்டு நடிக்கிறீர்!"

"இல்லை அங்கிள். சத்தியமா அதுவாத்தான் நிக்குது."

"நாளைக்குச் சனிக்கிழமை. கொண்டாரும். பன்னிரண்டு மணி அடிக்க முன்னம் பிழை எங்கை எண்டு எனக்குக் காட்டவேணும். காட்டாட்டி, இந்த ஒழுங்கைக்குள்ள உம்மட ரயர் படக்கூடாது. ஆட்டுக்கு வேற ஆள் வரட்டும்."

 இரவு முழுக்க ஜெனிதாவுக்கும் அதே கேள்விதான். அது உண்மையாகவே நிற்கிறதா, அல்லது அவன் நிறுத்துகிறானா? ஒரு பொய்யைச் சிரித்துக்கொண்டு பொறுக்கலாம். அதுக்கு மேலே இன்னொன்று என்றால் அது குணம். அப்படிப்பட்ட ஆளோடு படலைக்கு இந்தப் பக்கம் நின்று கதைப்பதில்கூட அர்த்தமில்லை. கதைக்காமல் இருக்கவும் அவளுக்கு மனமில்லை.

அதனால்தான், நடிப்பென்ற கதையே வேண்டாமென்று சுகிர்தன் வீதியிலிருந்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து தந்த காலை எட்டு மணியிலிருந்து மண்ணில் கிடக்கிறாள்.

பற்றரியை அளந்தாள், சரி. கொயிலைச் சூடாக்கிப் பார்த்தாள், சரி. மழைக்குப் பழுதாகிறதோ என்று வாளித் தண்ணியைத் தலையோடு ஊற்றினாள். வண்டி குளித்துவிட்டு இன்னும் உற்சாகமாக ஓடியது. சாவி சுவிற்சைத் குறட்டின் பிடியால் தட்டினாள். சீற்றுக்குக் கீழே ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினாள். ம்ஹூம்.

"டொக்டரைக் கண்டவுடன காய்ச்சல் விட்டிடும் எண்டுவினமே, அது மாதிரி," என்றான் சுகிர்தன். "எங்கட மாடுகளும் இப்பிடித்தான். ஊசியை எடுத்தவுடன துள்ளி ஓடும்."

"பகிடி விடுற நேரமோ இது?"

"வேற என்ன செய்யுறது? அழுதால் உங்கட அப்பா அதையும் நடிப்பெண்டுவார்."

ஜெனிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை வயருக்குள் முகத்தைப் புதைத்து மறைத்தாள்.

குசினிக்குள் இருந்து தாய் திரேசம்மாவின் குரல் வந்தது. "பிள்ளை, நண்டு அடுப்பில. சாப்பாட்டுக்கு எத்தினை பேர்? மூண்டு கோப்பையோ, நாலு கோப்பையோ?"

"பன்னிரண்டுக்குப் பிறகு சொல்லுறன்!" என்றார் ஹெக்டர், மகளை முந்திக்கொண்டு.

பதினொன்று முப்பத்தைந்து. ஹெக்டர் கதிரையை விட்டு எழுந்தார்.

"காணும் இந்த விளையாட்டு. நானே ஓடிப் பாக்கிறன். துறைமுகக் கேற் மட்டும் போய்த் திரும்பி, இந்த ஒழுங்கைக்குள்ள வருவன். நிண்டுதெண்டால் நான் பொய்யன். நிக்காட்டி ஆர் பொய்யன் எண்டு எல்லாருக்கும் விளங்கும்."

"பப்பா, நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓடிப் பத்து வருஷம்!"

"ஓட்டம் மறக்கிற சாமானோ?"

ஒழுங்கை வாயில் ஒரு பழைய வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஹெக்டருடைய வள்ளம்தான். அடிக்குத் தார் பூசப் போகிறேன் என்று கவிழ்த்தவர், பாதி பூசி, பிறகு மறந்துபோனார். அதில் கீறுப்படாமல் மோட்டார் சைக்கிளை வீதி வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். ஏறினார். சாரத்தைத் தொடைக்குள் செருகினார். உதைத்தார். வண்டி அவரையும் அவருடைய வயிற்றையும் சுமந்துகொண்டு துறைமுகப் பக்கம் பறந்தது.

ஜெனிதாவும் சுகிர்தனும் வீதியோரத்தில் நின்றார்கள்.

"நிக்கவேணும், மாதாவே, நிக்கவேணும்," என்று அவள் முணுமுணுத்தாள்.

"என்ர மோட்டார் சைக்கிள் பழுதாகவேணுமெண்டு நேர்த்தி வைச்ச முதல் ஆள் நீங்கள்தான்."

"வாயை மூடுங்கோ."

நாலு நிமிஷம். தூரத்தில் டப டப. ஹெக்டர் வந்தார். நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையை விட்டு அவர்களைப் பார்த்து ஆட்டினார். வீதியின் முழு அகலத்தையும் எடுத்து, ஊர்வலம் வருவதுபோல ஒரு பெரிய வளைவு வளைத்து, வள்ளத்தைக் கடந்து ஒழுங்கைக்குள் நுழைந்தார்.

டப டப டப டப.

நிற்கவில்லை. படலைக்குள் வந்து தானே சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

"முடிஞ்சுது கதை," என்றார். "பதினொண்டு நாப்பத்தாறு."

 சுகிர்தன் மருந்துப் பெட்டியை எடுத்துச் சீற்றுக்குப் பின்னால் வைத்து ரப்பர் பட்டியால் கட்டினான். 

"நான் பொய் சொல்லேல்ல, ஜெனிதா," என்றான், அவளைப் பார்க்காமல். "இந்தச் சைக்கிள் விஷயத்தில நான் ஒரு பொய்யும் சொல்லேல்ல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒழுங்கை வாயின் மணலில் ரயர் தடங்கள். தகப்பன் இப்போது வந்த தடம் புதிது. துறைமுகப் பக்கத்திலிருந்து, வலப்பக்கமாக, அகலமாக, சோம்பல் வளைவு. அதன் கீழே பழைய தடங்கள். அவை மறுபக்கத்திலிருந்து வந்திருந்தன. கூர்மையாக, மின்கம்பத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில், முழங்கையை மடித்ததுபோல.

அவள் நிமிர்ந்தாள். கண்கள் பளிச்சிட்டன.

"நில்லுங்கோ! நீங்கள் எந்தப் பக்கத்தால வாறனீங்கள்?"

"ரவுண் பக்கத்தால."

"அப்ப இடப்பக்கம் திரும்புறீங்கள்!"

"ஓம்..."

"வள்ளம் கிடக்கிறதால ஹான்டிலை முழுசா ஒடிக்க வேண்டியிருக்கு. வேற எங்கையாவது இப்பிடி இடப்பக்கம் முழுசா ஒடிக்கிறனீங்களோ? கந்தோரில? அக்கா வீட்டில?"

சுகிர்தன் யோசித்தான். காற்றில் கையால் ஹான்டில் பிடித்து வளைத்துப் பார்த்தான். "கந்தோருக்கு நேர போறது. அக்கா வீட்டுக்கு வலப்பக்கம். இல்லை. இஞ்சை மட்டும்தான்!"

"பப்பா வந்தது வலப்பக்கத்தால!"

ஹெக்டர் மணலில் கிடந்த தன் தடத்தைக் குனிந்து பார்த்தார். 

ஜெனிதா பாய்ந்தாள். மோட்டார் சைக்கிளை டபிள் ஸ்ராண்டில் ஏற்றினாள். காலையில் இருந்தே அது இந்த ஸ்ராண்டில் நேராகத்தான் நின்றது, ஹான்டிலை ஒருவரும் தொடவில்லை! சுகிர்தன் உதைத்தான். எஞ்சின் பிடித்தது. அவள் ஹான்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினாள். டப டப டப. நடுவுக்குக் கொண்டுவந்தாள். டப டப டப.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திருப்பினாள்.

டப டப... டப்.

அமைதி.

"செத்திட்டுது!" என்று கத்தினான் சுகிர்தன். "அங்கிள், செத்திட்டுது!" சொந்த வண்டி செத்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனைத் திருகோணமலை அதுவரை கண்டிருக்காது.

"இன்னொருக்கால்," என்றார் ஹெக்டர், பக்கத்தில் வந்து குந்தி.

இன்னொருதரம். இடப்பக்கம். டப். இன்னொருதரம். டப். சைட் ஸ்ராண்டில் சரித்தார்கள். ஹான்டில் தானாகவே இடப்பக்கம் சாய்ந்தது. உதைத்தால் பிடிக்கவில்லை. ஏறி இருந்து நிமிர்த்தி உதைத்தால் ஒரே உதை.

"அதாலதான் நான் மீற்றர் எடுத்து வாறதுக்குள்ள ஸ்ராட் ஆனது!" என்றாள் ஜெனிதா.

ஹெக்டரின் முகத்தில் நீதவான் காணாமல் போய்விட்டார். பழைய துறைமுகத்து எலெக்ரீசியன் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மீற்றரைத் தா. ஹெட்லைற்றைக் கழட்டு. சாவியை மூடினால் எஞ்சினை நிப்பாட்டுற வயர் எது?"

"கறுப்பில வெள்ளைக் கோடு."

"அது எங்கையோ வண்டியின்ர இரும்புச் சட்டத்தில முட்டுது. சாவி மூடாமலே மூடின மாதிரி. பிடி!"

மீற்றரின் ஒரு முனையை அவள் வயரில் வைத்தாள். மற்ற முனையை அவர் சட்டத்தில் வைத்தார். "தம்பி, இடப்பக்கம் திருப்பும்!"

பீப்!

"நடுவுக்கு!"

சத்தமில்லை.

"இடப்பக்கம்!"

பீப்!

மூன்று தலைகள் ஹான்டிலின் கழுத்துக்குள் முட்டிக்கொண்டன. அங்கே, வயர்க் கட்டு வளைந்து போகும் இடத்தில், ஒரு கட்டுக்கம்பி இறுக்கிச் சுற்றிக் கிடந்தது. கம்பியின் கீழ் நுனியில் ஒரு எலுமிச்சம்பழமும் ஐந்து பச்சைமிளகாயும் தொங்கின. காலையில் இருந்து நூறு தரம் பார்த்த எலுமிச்சம்பழம். எல்லா வண்டியிலும் தொங்குகிற சாமான். அதை யார் பழுதென்று நினைப்பார்கள்?

ஜெனிதா விரலால் நகர்த்தினாள். முறுக்கிய கம்பியின் முனை, கறுப்பு வெள்ளை வயரின் தோலைக் குத்திக் கிழித்து, உள்ளே செம்பு மினுங்கியது. ஹான்டில் இடப்பக்கம் போகும்போது கம்பி வயரையும் சட்டத்தையும் சேர்த்துப் பிடித்தது.

"இதை ஆர் கம்பியால கட்டினது?" என்றார் ஹெக்டர். "எல்லாரும் நூலாலதானே கட்டுறவை!"

சுகிர்தன் தலையைச் சொறிந்தான். "அக்கா. கண்ணூறு படக்கூடாதெண்டு வெள்ளிக்கு வெள்ளி கட்டுவா. முந்தி நூலாலதான் கட்டினவ. கோட்டையடியில இருந்து வாற மான்கள் ராவோட ராவா இழுத்துத் திண்டுபோட்டுப் போயிடும். ரெண்டு வெள்ளி பாத்தா. மூண்டாவது வெள்ளி கட்டுக்கம்பி எடுத்திட்டா."

"அது எப்ப?"

"மூண்டு கிழமைக்கு முந்தி."

 ஹெக்டர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு மண்ணில் உட்கார்ந்தேவிட்டார். "மானுக்குப் பயந்து கம்பி! கம்பியால சைக்கிளுக்கு மாரடைப்பு! முப்பத்திரண்டு வருஷம், கப்பல் கப்பலாப் பழுது பாத்தனான், இப்பிடியொரு பழுது காணேல்ல!"

"பாதிப் பழுது உங்கடதான், பப்பா," என்றாள் ஜெனிதா. "வள்ளத்தை ஒழுங்கை வாயில கவிழ்த்தது ஆர்?"

அவர் பதில் சொல்வதற்குள் தேவாலயத்து மணி அடிக்கத் தொடங்கியது. பன்னிரண்டு. மூவரும் சிரித்தபடியே நெற்றியில் வேர்வை துடைத்தார்கள்.

கம்பியை வெட்டி எறிந்து, கிழிந்த இடத்துக்கு இன்சுலேசன் ரேப் சுற்றி, எலுமிச்சம்பழத்தை நூலில் கோத்து, வயருக்கு எட்டாமல் கண்ணாடித் தண்டில் கட்டினாள் ஜெனிதா. அக்காவின் மனம் நோகக் கூடாதே. பிறகு கடைசிப் பரீட்சை. சுகிர்தன் மணிக்கூட்டுக் கோபுரம் வரை போய், ரவுண் பக்கத்தாலேயே வந்து, கம்பத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் ஹான்டிலை முழுக்க இடப்பக்கம் ஒடித்தான்.

டப டப டப டப. நிற்கவேயில்லை. பழக்கம் இல்லாததால் படலையில் நிறுத்த மறந்து கடந்துபோய், பத்து யார் தள்ளிப் பிரேக் அடித்தான்.

ஹெக்டர் அவன் தோளில் கை போட்டார். "தம்பி, பிழை என்னிலதான். நேற்று வீதியில வைச்சுக் கூடக் கதைச்சிட்டன். நீர் நேர்மையான பெடியன். போய் ஆட்டுக்கு மருந்தைக் கட்டிப்போட்டு வாரும், எங்களோட சாப்பிடுவீர். திரேசம்மா! நாலு கோப்பை!"

சுகிர்தன் மருந்துப் பெட்டியைப் பார்த்தான். ஒழுங்கையின் அந்தலையைப் பார்த்தான். "ஆடு... பின்னேரம் பாக்கலாம் அங்கிள். இப்ப வெயில்."

அந்த நேரம் பார்த்து ஓட்டோ ஒன்று வந்து வள்ளத்துக்கு அருகில் நின்றது. இறங்கியவர் றுக்கியா மாமி. ஒரு மாதமாகக் கிண்ணியாவில், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு நின்றவர். புருஷன் றுவைஸோ பின்னேரமே கடலுக்குப் போனால் விடியத்தான் வருவார். வீட்டில் ஆடும் அதன் காலும் சுகிர்தனின் பொறுப்பு என்றுதான் ஒழுங்கை முழுக்க நினைத்திருந்தது.

"றுக்கியா, பேரப்பிள்ளை சுகமோ?" என்று ஹெக்டர் உரத்த குரலில் கேட்டார். "இந்தத் தம்பிக்கு நன்றி சொல்லும். நீர் இல்லாத நேரமெல்லாம் உம்மட ஆட்டுக்கு நாள் தவறாமல் மருந்து கட்டினவர்!"

றுக்கியா மாமி பைகளைக் கீழே வைத்தார்.

"எந்த ஆட்டுக்கு?"

"கால் புண் ஆட்டுக்கு."

"அந்த ஆடா? அதின்ட கால் எப்பவோ சுகம் வந்திட்டே! டொக்டர் தம்பிட கைராசி, நொண்டாம நடந்திச்சு. அதாலதானே ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்துக் குர்பான் குடுத்தம். ஐஞ்சு கிழமையாச்சே, ஹெக்டரண்ணன்! உங்கட வீட்டுக்கும் ஒரு பங்கு தந்தனான்தானே? வெள்ளாட்டு இறைச்சி நல்லாயிருந்த எண்டு நீங்கதான் சொல்லியனுப்பினீங்க!"

ஓட்டோ திரும்பிப் போனது.

ஹெக்டர் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு, மிக மெதுவாக, சுகிர்தனைப் பார்த்தார். அவன் ஹோர்ன் பொத்தானை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி. ஐஞ்சு கிழமையா நீர் ஆருக்கு மருந்து கட்டினீர்?"

"அங்கிள்," என்றான் அவன், காது சிவக்க. "சைக்கிள் விஷயத்தில பொய் இல்லை எண்டுதான் நான் சொன்னனான்."

"பார் பிள்ளை!" ஹெக்டர் மகளிடம் திரும்பினார். கோபப்பட முயன்றார். மீசைக்குள் சிரிப்பு தள்ளிக்கொண்டு நின்றது. "பார் இவன்ர புளுகை! நீயும் நாளுக்கு நாள் படலையில நிண்டு, ஆட்டுக்கு எப்பிடி, ஆட்டுக்கு எப்பிடி எண்டு கேட்டு ஏமாந்திருக்கிறாய்!"

குசினியிலிருந்து திரேசம்மா கேட்டார். "இப்ப மூண்டோ, நாலோ? சோறு ஆறுது!"

"நாலு, மம்மா!" என்றாள் ஜெனிதா.

மீற்றரின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து அழகாகச் சுருட்டி, சட்டைப் பைக்குள் வைத்தாள். சுகிர்தனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தகப்பனிடம் சொன்னாள்:

"பப்பா, பெருநாளண்டைக்கு அந்த இறைச்சியை றுக்கியா மாமியிட்ட இருந்து வாங்கினது நான்தான். இது கால் புண் ஆடு எண்டு அவ சொல்லித்தான் தந்தவ. கறி காய்ச்சினதும் நான்தான்."